தங்கராஜின் குடை அம்பு

செஞ்சியில் தங்கராஜ் என்ற பெயரில் எப்படியும் நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். ஆனால் ‘ரிட்டன் தங்கராஜ்’ எங்கே என்று கேட்டால், பஸ் ஸ்டாண்டு பூக்காரம்மாகூடக் கையிலிருக்கும் சரத்தை விடாமல், திண்டிவனம் ரோட்டில் இருக்கும் லேத் பட்டறையை மோவாயாலேயே காட்டிவிடுவாள். இந்தப் பட்டம் அவருக்குப் பிறவியில் வந்ததில்லை. போன வருஷம் காணும் பொங்கலன்று சாயங்காலம் ஐந்தேகாலுக்கு, ஊர் முன்னிலையில் வழங்கப்பட்டது.

கொல்லைமேட்டு அம்மனுக்கு வருஷா வருஷம் காணும் பொங்கலன்று பாரிவேட்டை. அம்மனைத் தோளில் சுமந்துபோய் ஏரிக்கரை மைதானத்தில் இறக்கி வைப்பார்கள். இருபத்தைந்து எட்டு நடக்கும் தூரத்தில் வைக்கோலில் செய்த மான் ஒன்று நிற்கும். அம்மன் சார்பாக அம்புக்காரர் மூன்று அம்பு விடுவார். மூன்றில் ஒன்றாவது மான்மேல் தைத்து நிற்க வேண்டும். நின்றால் பம்பைச் சத்தம் மலைக்கோட்டை வரை கேட்கும். அப்புறம் மானைப் பிரித்து, வீட்டுக்கு ஒரு பிடி வைக்கோல் எடுத்துப் போய் மாட்டுக்குப் போடுவார்கள். அதைத் தின்ற மாடு அந்த வருஷம் நோய்நொடி இல்லாமல் இருக்கும் என்பது நம்பிக்கை. நிஜ மானை எய்தால் வனத்துறைக்காரர்கள் பிடித்து உள்ளே தள்ளுவார்கள். வைக்கோல் மானை எய்யாவிட்டால் ஊரே பிடித்துத் தள்ளும்.

அம்பு விடும் உரிமை தங்கராஜ் குடும்பத்துடையது. அவருடைய நைனா இருந்தவரைக்கும் முதல் அம்பிலேயே காரியம் முடிந்துவிடும். உரிமைக்கு இரண்டே நிபந்தனை. தொடர்ந்து மூன்று வருஷம் அம்பு தைக்காமல் போனால் உரிமை வேறு வீட்டுக்குப் போய்விடும். இன்னொன்று, மைதானத்துக்கு வருமுன் மான்மேல் ஒரு அம்பும் பட்டிருக்கக் கூடாது; அது கன்னி மானாக வந்து நிற்க வேண்டும்.

தங்கராஜ் கைக்கு வில் வந்த முதல் வருஷம், தூறலில் நாண் நனைந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்தார். இரண்டாவது வருஷம் வானம் பளிச்சென்று இருந்தது. மூன்றாவது அம்பு மானின் வயிற்றில் நேராகப் பட்டது, பட்ட வேகத்தில் எகிறித் திரும்பி வந்து அவர் காலடிக்கு நாலு எட்டு முன்னால் விழுந்தது. செல்போன் கடை அன்புமணி அதைப் படம் பிடித்து, பாட்டுச் சேர்த்து, அம்பு திரும்பி வருவதை மட்டும் மூன்று தடவை காட்டி வாட்ஸப்பில் விட்டான். வெறும் வாயை மெல்லும் ஊருக்கு அவல் கிடைத்தது. அன்றிலிருந்து டீக்கடையில் கிளாஸை நீட்டும்போதுகூட, “புடிண்ணே, ரிட்டன் வந்துடப் போவுது” என்றுதான் நீட்டினார்கள். தங்கராஜ் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். நாற்பத்தாறு வயதில் ஒரு மனுஷன் ஊறவைத்த கடலையைத் தின்றுகொண்டு பட்டறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது பார்க்கச் சகிக்காது.

இதில் இன்னொரு வினையும் இருந்தது. மான் செய்கிறவர் ஆதிமூலம், தங்கராஜின் மனைவி ஜெயக்கொடிக்குக் கூடப்பிறந்த அண்ணன். வயலில் வைக்கோலை உருட்டிக் கட்டும் மிஷின் வைத்திருக்கிறார். கட்சிக்காரர்களோ கல்யாண வீட்டுக்காரர்களோ வைத்து எடுத்த பழைய பேனரைத் திருப்பிப் போட்டு, காவி அடித்து வெள்ளைப் புள்ளி வைத்தால் மானுக்குத் தோல் ரெடி. வயிற்றுக்கு வைக்கோல். அம்பு திரும்பி வந்த அந்த நிமிஷமே தங்கராஜ் மைதானத்தில் நின்று கத்தினார்.

“இன்னா மச்சான், வைக்கோல அடைச்சியா, ஜல்லிய அடைச்சியா?”

ஆதிமூலமும் சும்மா இருக்கவில்லை. “ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம். போ மாப்ள, போயி வில்லப் புடிக்கக் கத்துக்கோ.”

அதோடு பேச்சுவார்த்தை அறுந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் அண்ணன் வீட்டுக்கு ஜெயக்கொடி போய் ஒரு வருஷமாயிற்று. இந்தப் பொங்கலுக்குத் தாய்வீட்டுச் சீராக வந்த கரும்பும் மஞ்சளும்கூட ஆட்டோக்காரர் கையில்தான் வந்தன. அவள் கரும்பை வாங்கி மூலையில் சாத்திவிட்டு வெகுநேரம் அடுப்படியிலேயே நின்றாள். தங்கராஜ் அதைப் பார்த்தார். ‘அம்பு மட்டும் நிக்கட்டும், எல்லாம் சரியாயிடும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அம்பு நிற்பதற்கு அவர் ஏற்பாடு செய்துவிட்டார். ஆன்லைனில் தேடித் தேடி, வெளிநாட்டில் மான் வேட்டைக்காரர்கள் போடும் அம்பு முனை ஒன்றை வரவழைத்திருந்தார். கட்டைவிரல் நீளம்தான். மூடியிருக்கும்போது பால்பாயிண்ட் பேனா மூடி போல இருக்கும். எதிலாவது குத்தியதும் உள்ளே மடங்கியிருக்கும் மூன்று பிளேடுகளும் குடை மாதிரி விரிந்துகொள்ளும். அதை மூங்கில் அம்பில் மாட்ட, லேத்தில் அலுமினியத்தில் ஒரு மரை கடைந்து பொருத்தினார். பட்டறைக்குப் பின்னால் வெட்டிக் கிடந்த வாழைமரத்தின் மீது விட்டுப் பார்த்தார். முனை உள்ளே போய் விரிந்து, வாழைமரம் இரண்டாய்ப் பிளந்துகொண்டது. தங்கராஜ் இரண்டு வருஷத்துக்குப் பிறகு விசில் அடித்தார்.

ஜெயக்கொடியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் நெல் ஏலம் போடும் கமிட்டியில் மூட்டை தைக்கிறவள். ஒரு நாளைக்கு முந்நூறு சாக்கு வாயைக் கோணி ஊசியால் மூடுகிற கை. அவள் அந்த முனையை வாங்கி, விரித்து, மடக்கி, மறுபடி விரித்துப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்குது. ஆனா குடைய விரிச்சிக்கினு வாசப்படியில நொழைய முடியுமா?”

“உனக்கு இன்னா தெரியும்? இது பாரின்ல நிஜ மானையே சாய்க்குது.”

“அது நெஜ மானு. இது எங்கண்ணன் செஞ்ச மானு” என்று சொல்லிவிட்டு அவள் குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

அந்த ஒரு வார்த்தை தங்கராஜின் தூக்கத்தைக் கெடுத்தது. வாழைமரம் வேறு, பேனர் வேறு. ஒருதரம், ஒரே ஒருதரம் அந்த மான்மேல் விட்டுப் பார்த்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாமே என்று தோன்றியது. கன்னி மான் என்ற நிபந்தனை நினைவுக்கு வரத்தான் செய்தது. ஆனால் ஆசை வந்தவனுக்கு நிபந்தனை என்பது முதுகில் உட்கார்ந்த ஈ. தெரியும், ஆனால் கை எட்டாது.

மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் தெருவே காலி. ஆணும் பெண்ணும் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஏரிக்குக் குளிப்பாட்டப் போய்விட்டார்கள். தங்கராஜ் தங்கள் பசு லட்சுமியை ஜெயக்கொடியோடு அனுப்பிவிட்டு, “தலவலி” என்றார். வில்லை ஒரு வேட்டியில் சுற்றிக்கொண்டு ஆதிமூலத்தின் வீட்டுப் பின்கட்டுக்குப் போனார். மாட்டுக் கொட்டகையில் மான் தனியாக நின்றது. ஆதிமூலம் கைவேலைக்காரர்தான், பொய் சொல்லக் கூடாது. காதுகூட இரண்டும் ஒரே அளவாக, யாரோ கூப்பிட்டது போலத் தூக்கி நின்றன.

தங்கராஜ் எட்டுப் போட்டு இருபத்தைந்து எண்ணிக்கொண்டார். நாணை இழுத்தார், மார்பில் இருந்த பெரிய வெள்ளைப் புள்ளியைக் குறிபார்த்து விட்டார்.

‘பொத்’ என்றது. அம்பு அரை நொடி யோசித்தது போல நின்றது, பிறகு தலை தொங்கிக் கீழே விழுந்தது.

ஓடிப்போய் எடுத்துப் பார்த்தார். ஜெயக்கொடி சொன்னது அப்படியே நடந்திருந்தது. பேனரில் குத்திய மறுகணமே மூன்று பிளேடும் விரிந்திருக்கின்றன. அம்பின் வேகம் முழுக்க விரிவதற்கே செலவாகிவிட்டது, நுழைவதற்கு மிச்சமில்லை. அவருடைய மூங்கில் வில்லுக்கு அவ்வளவுதான் தெம்பு. “பாரினாம் பாரினு, மண்ணாங்கட்டி!” என்று முனையைத் திட்டியபடி திருப்பியவர் அப்படியே உறைந்து போனார்.

முனையில் பிளேடு இரண்டுதான் இருந்தது.

மூன்றாவது பிளேடு பிடிப்பு உடைந்து, பேனர் கிழிசல் வழியாக உள்ளே போயிருந்தது. கையை விட்டுத் துழாவினார். முழங்கை வரை வைக்கோல்தான். இன்னும் உள்ளே விடுவதற்குள் தெருக்கோடியில் மாட்டு மணிச் சத்தம் கேட்டது. கிழிசல் வெள்ளைப் புள்ளிக்குள்ளேயே விழுந்திருந்தது ஒரு புண்ணியம், சட்டென்று தெரியாது. மானின் கழுத்து மாலையை அதன் மேலாக இழுத்துவிட்டு, வில்லைச் சுருட்டிக்கொண்டு வேலி தாண்டி வந்து சேர்ந்தார்.

சாயங்காலம் லட்சுமிக்குக் கொம்பில் சிவப்பு வண்ணம் அடித்து, மாலை போட்டு, படையல் வைத்தார்கள். ஜெயக்கொடி பசுவின் முகத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

“நாளைக்கி மான் வைக்கோல் வந்ததும் மொதல்ல இதுக்குத்தான். சென மாடு. நல்லபடியா கன்னு போடணும்.”

தங்கராஜ் வாய்க்குக் கொண்டுபோன சர்க்கரைப் பொங்கலைத் தட்டிலேயே போட்டார். அந்த வைக்கோல் நாற்பது வீட்டுக்குப் போகப் போகிறது. நாற்பது வீட்டில் ஏதோ ஒரு மாடு அந்தப் பிளேடை நாக்கால் சுருட்டி விழுங்கப் போகிறது. சொல்லிவிடலாம். சொன்னால் கன்னி மான் கெட்டது தெரிந்துபோகும், அம்பு இன்றைக்கே கை மாறும், ஆதிமூலத்தின் கொட்டகைக்குள் திருடன் போல நுழைந்த கதை அன்புமணியின் கைக்குப் போய்ச் சேரும். திருடனுக்குத் தேள் கொட்டினது போல வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆனால் ஒரு யோசனை உதித்தது. அம்பு தைத்ததும் அதைப் பிடுங்க முதலில் மான் அருகே போகிறவன் அம்புக்காரன்தான். கையில் நல்ல காந்தம் ஒன்று இருந்தால், அம்பைப் பிடுங்குகிற சாக்கில் பிளேடை எடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது, எந்த மாட்டுக்கும் ஆபத்தில்லை. அம்பு தைக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கும் வழி கண்முன்னாலேயே இருந்தது. ஜெயக்கொடியின் பையிலிருந்து மூன்று கோணி ஊசி எடுத்து, வளைவை நிமிர்த்தி, சாணை பிடித்து மூன்று அம்பிலும் செருகினார். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

“குடை இன்னா ஆச்சி?”

“மழையே இல்லியே” என்றார் தங்கராஜ்.

மறுநாள் காலையிலேயே மானை மைதானத்துக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். காணும் பொங்கலுக்குக் கோட்டை பார்க்க வந்த கூட்டம் ராஜகிரியில் குரங்குகளிடம் பாதிப் புளிசாதத்தைப் பறிகொடுத்துவிட்டு, மீதியோடு ஏரிக்கரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சதீஷ் மைக்செட் கட்டிக்கொண்டிருந்தான். தங்கராஜ் அவனிடம் போய் நைசாகக் கேட்டார்.

“சதீசு, பழைய ஸ்பீக்கர் காந்தம் எதுனா இருக்குதா?”

“எதுக்குண்ணே? அம்ப மான் பக்கமா இழுக்கறதுக்கா?” என்று சிரித்தான் சதீஷ். சமண நயினார் வீட்டுப் பிள்ளை, எறும்பைக்கூட நசுக்காத குடும்பம். “வைக்கோல் மான்னுதான் நானே மைக்செட் கட்டறேன். நல்லபடியா அடி.” மெதுவடை அளவில் வட்டமான காந்தம் ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

தங்கராஜ் அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். அது லேசான காந்தம் இல்லை. தடுப்புக் கம்பி ஓரமாக நடந்தபோது இடுப்போடு போய்க் கம்பியில் ஒட்டிக்கொண்டார். யாரோ தெரிந்தவரிடம் பேச நின்றது போலச் சமாளித்துப் பிய்த்துக்கொண்டு வந்தார்.

ஐந்து மணிக்கு அம்மன் வந்து இறங்கினாள். தர்மகர்த்தா ராஜாங்கம் மைக்கைப் பிடித்தார். எழுபது வயதிலும் ஒலிபெருக்கி தேவைப்படாத குரல்.

“இது மூணாவது வருசம். இன்னிக்கும் நிக்கலைன்னா அம்பு வேற வூட்டுக்குப் போவும். அம்மா மேல பாரத்தப் போட்டு வுடு தங்கராசு.”

அன்புமணி செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி முன்வரிசைக்கு வந்துவிட்டான். மான் பக்கத்தில் ஆதிமூலம் கைகட்டி நின்றார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. பெண்கள் வரிசையில் ஜெயக்கொடி இரண்டு பக்கமும் பார்த்தபடி நின்றாள்.

முதல் அம்பை எடுத்துத் தாழ்த்திப் பிடித்தார். ‘டக்’ என்று ஊசி முனை இடுப்புக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கிய பதற்றத்தில் விட்ட அம்பு மானின் காதுக்கு மேலே பறந்து ஏரிக்குள் போனது. கூட்டம் ‘ஓ’ என்றது. இரண்டாவது அம்பு மானின் முன்னங்கால் மூங்கிலில் பட்டு நழுவியது. “ரிட்டன் வருது, ஒதுங்கு!” என்று எவனோ கத்தினான்.

தங்கராஜ் மூன்றாவது அம்பைப் பின்பக்கமாகத் தூக்கி, காந்தத்துக்கு எட்டாமல் வளைத்துக் கொண்டுவந்து நாணில் வைத்தார். நைனாவை நினைத்துக்கொண்டார். பிறகு நைனா வேண்டாம், ஜெயக்கொடி போதும் என்று நினைத்துக்கொண்டார். விட்டார்.

ஊசி பேனரைக் குத்திக்கொண்டு சரக்கென்று உள்ளே போனது. ஒரு சாண் அம்பு மானின் மார்புக்குள். மீதி வெளியே நின்று நடுங்கியது. விழவில்லை.

பம்பைகள் வெடித்தன. தங்கராஜ் மானை நோக்கி ஓட ஒரு காலைத்தான் எடுத்து வைத்தார். மறுகால் தரையில் படவில்லை. நாலைந்து பேர் சேர்ந்து அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். ஒரு வருஷமாகக் கிண்டல் செய்த அதே ஆட்கள்தான். டீக்கடைக்காரர்கூட ஒரு காலைப் பிடித்திருந்தார். எந்த நிமிஷத்துக்காக ஒரு வருஷம் ஏங்கினாரோ அந்த நிமிஷம் அது. அது நெஞ்சை அடைக்கும் அளவுக்கு இனிப்பாக இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உயரத்திலிருந்து பார்த்தபோது அவருக்கு ஒன்று தெரிந்தது. ஆதிமூலம் அம்பைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு, அது தைத்த இடத்திலிருந்து ஒரு பிடி வைக்கோலை உருவித் தன் துண்டில் முடிந்துகொண்டிருந்தார். சுற்றிலும் நாற்பது கைகள் மானின் வயிற்றுக்குள் நுழைந்துகொண்டிருந்தன.

“எறக்குங்கடா! டேய், எறக்குங்கடா!”

சந்தோஷத்தில் கத்துகிறார் என்று நினைத்து இன்னும் உயரமாகத் தூக்கினார்கள். வாயை மூடிக்கொண்டால் வெற்றி அவருடையது. பட்டம் போய்விடும், அம்பு தங்கிவிடும். யாரோ ஒருவர் வீட்டு மாடு, என்றைக்கோ ஒரு நாள், ஏன் சாகிறது என்று தெரியாமலே சாகும். ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் தனக்குத் தெரியுமே. டீக்கடைக்காரர் தோளை உதைத்துக் குட்டிக்கரணம் போட்டு இறங்கினார். மண்ணைக்கூடத் தட்டாமல் ஓடிப்போய் ராஜாங்கத்தின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

“யாரும் வைக்கோல எடுத்துனு போவாதீங்க! உள்ள பிளேடு இருக்குது!”

பம்பை நின்றது. கூட்டம் நின்றது. புளிசாதம் தின்றுகொண்டிருந்த வெளியூர்க்காரர்கள்கூட வாயை நிறுத்தினார்கள்.

“பிளேடா? எவன் போட்டது?” என்றார் ராஜாங்கம்.

“நான்தான்.” மைக் அதை நாலு ஸ்பீக்கரிலும் சொன்னது. “நேத்து மத்தியானம் மச்சான் கொட்டாயில பூந்து மான் மேல அம்பு வுட்டேன். பாரின் முனை. உள்ள போவல, ஒடஞ்சி ஒரு பிளேடு மாட்டிக்கிச்சி. காந்தம் வச்சி எடுத்துடலாம்னு பாத்தேன். எடுக்க முடியல. கன்னி மான் இல்ல இது. என் அம்பு செல்லாது. அம்ப எடுத்துக்கோங்க, ஆனா அந்த வைக்கோல மட்டும் எந்த மாட்டுக்கும் போடாதீங்க.”

ஊர் திட்டும் என்று எதிர்பார்த்தார். ஊருக்கு முதலில் திட்ட நேரமில்லை. எடுத்த வைக்கோலையெல்லாம் கொண்டுவந்து ஒரு தார்ப்பாயில் கொட்டினார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து பேன் பார்ப்பது போலப் பிரித்தார்கள். தங்கராஜ் மைக்கை விடாமலே மடிப்பிலிருந்து காந்தத்தை எடுத்து முழங்காலிட்டு மேலே மேலே ஓட்டினார். சதீஷ் உள்ளதிலேயே பெரிய ஸ்பீக்கர் ஒன்றின் பின்பக்கத்தைக் கழற்றி, “காந்தம் ரெண்டா இருந்தா சீக்கிரம் ஆவும்ணே” என்று தானும் உட்கார்ந்தான். ஒரு துருப்பிடித்த ஆணி கிடைத்தது, இரண்டு ஸ்டேப்லர் பின் கிடைத்தது. பிளேடு கிடைக்கவில்லை. தங்கராஜ் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அப்போதுதான் ஜெயக்கொடி சொன்னாள்:

“அண்ணா, உன் துண்டுல இன்னா?”

ஆதிமூலம் துண்டு முடிச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். “இது தனி” என்றார். முகம் சிவந்துவிட்டது.

“தனின்னா?” என்றார் ராஜாங்கம்.

“அம்பு தைச்ச எடத்து வைக்கோல். என் தங்கச்சி வூட்டு மாட்டுக்கு எடுத்தேன். சென மாடாச்சே. சண்டை மனுசங்களுக்குத்தான்.”

தங்கராஜ் எழுந்து போய்த் துண்டின் மேல் காந்தத்தை வைத்தார். வைத்த மாத்திரத்தில் ‘டக்’. துண்டுத் துணியோடு சேர்த்து உள்ளிருந்து ஏதோ வந்து ஒட்டிக்கொண்டது. முடிச்சை அவிழ்த்தார்கள். சுண்டுவிரலில் பாதி நீளத்தில், வெயிலுக்குப் பளபளவென்று, மூன்றாவது பிளேடு.

தங்கராஜ் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். ஏதோ ஒரு வீட்டு மாடு என்று அல்லவா நேற்றிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்! கொம்பில் சிவப்பு வண்ணமும் வயிற்றில் கன்றுமாக லட்சுமி கண்முன்னால் வந்து நின்றது. அழுதுவிட்டார். நாற்பத்தாறு வயதில், மைக்கை இன்னும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு அழுததால், மிச்சமிருந்த மூன்று ஸ்பீக்கரும் சேர்ந்து அழுதன. சதீஷ் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தான்.

ஆதிமூலம் குனிந்து அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார். “ஏந்திரி மாப்ள. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். போன வருசம் மிஷின் உருட்டுன வைக்கோல் கட்ட அப்படியே வயித்துல வச்சிட்டேன். ஜல்லி மாதிரிதான் இருந்துச்சி. நீ கத்துனதுல எனக்கும் ரோசம் வந்துடுச்சி. இந்த வருசம் உனக்கோசரம் கட்டப் பிரிச்சி, கையால லேசாத்தான் அடைச்சேன்.”

“லேசாவா?” தங்கராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்பயும் அந்தச் சனியன் புடிச்ச முனை உள்ள போவலியே!”

“நான்தான் சொன்னேனே” என்றாள் ஜெயக்கொடி.

ராஜாங்கம் தொண்டையைக் கனைத்தார். சிரிப்பை அடக்க அவருக்கு அதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. “நாயம்னா நாயம். மான் கன்னி மான் இல்ல, அம்பு செல்லாது. மூணு வருசம் ஆச்சி. வர வருசத்திலேருந்து அம்பு ஆதிமூலம் வூட்டுக்கு.”

“அப்ப மான யாரு செய்யறது?” என்று கேட்டான் அன்புமணி.

யாரும் பதில் சொல்வதற்குள் தங்கராஜ் கையைத் தூக்கினார். “நான் செய்யறேன்.”

“போச்சி, இரும்புத் தகட்ட வெச்சி வெல்டு அடிச்சிடுவான்!” என்றார் ஆதிமூலம். மைதானம் முழுக்கச் சிரித்தது. தங்கராஜுக்கே அடக்க முடியவில்லை. மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்போது சிரிப்பது கஷ்டம், ஆனாலும் சிரித்தார்.

அன்புமணி செல்போனைப் பையில் போட்டுக்கொண்டான். “அழுததப் போட மாட்டேண்ணே. குட்டிக்கரணம் போட்டத மட்டும் போட்டுக்கவா?” என்று கேட்டான். தங்கராஜ் யோசித்துவிட்டு, சரி என்றார்.

இருட்டுவதற்கு முன்னால் மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு ஆதிமூலம் அந்த வாசலில் கால் வைத்தார். ஜெயக்கொடி அண்ணனை உட்காரக்கூடச் சொல்லாமல் சொம்புத் தண்ணீரை நீட்டியபடி, மூச்சு விடாமல் ஒரு வருஷத்துக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் குரல் அவ்வளவு உரக்கக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது என்று தங்கராஜுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் மச்சானின் துண்டு முடிச்சை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். அந்த ஒரு பிடி வைக்கோலைத் தரையில் பரப்பி, காந்தத்தை மேலே ஓட்டினார். திருப்பிப் போட்டு மறுபடி ஓட்டினார். ஒவ்வொரு தாளாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லட்சுமி கழுத்தை நீட்டி அவர் காதுக்குள் பெருமூச்சு விட்டது.

“ஏங்க, எத்தினி தடவ?” என்று ஜெயக்கொடி உள்ளிருந்து குரல் கொடுத்தாள். “அண்ணன் உங்களுக்காகத் தட்டுல கைய வைக்காம உக்காந்துனு இருக்குது. மாட்டுக்கும் பசிக்குமில்ல?”

“இன்னும் ஒரே ஒரு தடவ” என்றார் தங்கராஜ். ஓட்டிவிட்டு, வைக்கோலை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். லட்சுமி நாக்கால் சுருட்டி வாங்கிக்கொண்டு மென்றது. அது முழுவதும் மென்று விழுங்கும் வரை நின்று பார்த்துவிட்டு, மச்சானோடு சாப்பிட உள்ளே போனார்.